அடங்கிய மின்சாரம்

ஹீத்கிட் எஸ்.பி.-220 என்னும் ஹாம் (அமெச்சூர்) வானொலி ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்க்க உட்காருகிறவருக்கு முதல் வேலை சும்மா இருப்பது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவியாயிற்று. முன்பக்க மீட்டரை உயர் மின்னழுத்தத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 3000 வோல்ட்டை ஒட்டி நின்ற முள் முதலில் மளமளவென்று இறங்குகிறது. பாதிக்குக் கீழே வந்ததும் தயங்குகிறது. கடைசிச் சில நூறு வோல்ட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஊர்கிறது. அது பூச்சியத்தில் படுக்கும்வரை ஒரு திருகைக்கூடத் தொடக்கூடாது.

உள்ளே எட்டு கெப்பாசிட்டர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 200 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். நிறைந்து நிற்கும்போது அவற்றில் நூறு ஜூலுக்கும் அதிகமான ஆற்றல் இருக்கிறது. ஓர் உயிரைப் பறிக்க அதில் சிறு பங்கே போதும். மூடியைத் திறந்தால் அந்த மின்னழுத்தத்தைச் சேஸிஸோடு சேர்த்துவிடும் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் உண்டு. ஆனாலும் அரை நூற்றாண்டு பழசான உலோகப் பட்டையை நம்பி விவரம் தெரிந்த யாரும் கைவைப்பதில்லை. மின்காப்புள்ள கோலின் நுனியில் கொக்கியும் ரெசிஸ்டரும் பூமிக் கம்பியும் கட்டி, ஒவ்வொரு முனையாகத் தொட்டு இறக்குவார்கள். ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள் என்பது வால்வுக் காலத்து மெக்கானிக்குகள் சொல்லிக்கொடுத்த பாடம். இரு கைகளுக்கும் நடுவே இருப்பது நெஞ்சு அல்லவா.

அப்படி இறக்கிய பிறகும் ஒன்று நடக்கும். பெரிய கெப்பாசிட்டரை முற்றிலும் காலிசெய்து, கம்பியை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்து அளந்து பார்த்தால் மீண்டும் சில வோல்ட் ஏறியிருக்கும். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. தகடுகளுக்கு நடுவிலுள்ள மின்காப்புப் பொருளின் ஆழத்தில் ஊறிக் கிடந்தது மெல்ல மேலே வருகிறது. சைவ சித்தாந்தம் வாசனாமலம் என்று சொல்வதை இவ்வளவு கண்கூடாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. பெருங்காயம் இருந்த பாண்டத்தைக் கழுவிக் கவிழ்த்தாலும் மணம் போகாததுபோல, தீர்ந்துவிட்டது என்று நாம் எழுந்துபோன கோபம் மறுநாள் காலையில் ஏதோ ஒரு சொல்லில் தலைகாட்டுகிறது. அதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. பழுதுபார்ப்பவர் சோர்வதில்லை, இறக்கிய பின் கம்பியை எடுத்துவிடாமல், வேலை முடியும்வரை முனைகளைச் சேர்த்தே கட்டி வைக்கிறார். பெரிய கெப்பாசிட்டர்களை அலமாரியில் எடுத்துவைக்கும்போதும் முனைகளைக் கம்பியால் பிணைத்துத்தான் வைப்பார்கள். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரத்தில், ஞானம் கிடைத்தவருக்கும் ஐந்தெழுத்தை விதிக்கிறார். உணர்ந்தவருக்கு எதற்கு ஓதுதல் என்று இளமையில் எனக்கொரு கேள்வி இருந்தது. கட்டியே வைத்திருக்கும் அந்தக் கம்பி எனக்கு அதன் நியாயத்தைச் சொன்னது.

இந்தக் கருவி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்தது. பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் கம்பெனி 1970-ஐ ஒட்டி இதை விற்கத் தொடங்கியது. பெட்டியில் உதிரிகளாகவே வரும். வாங்கியவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து தானே பற்றவைத்துக் கோத்துக்கொள்ள வேண்டும். கூட வரும் கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஓர் அடைப்புக்குறி காலியாக இருக்கும். ஒரு கம்பியை இணைத்தால் அதில் ஒரு குறி. கைமாறி வரும் சில கருவிகளோடு அந்தக் கையேடும் வந்துவிடுகிறது. பக்கம் பக்கமாகப் பென்சில் குறிகள், ஒன்றுகூட விட்டுப்போகாமல். அவற்றை இட்டவர்களில் பலர் இன்று 'சைலன்ட் கீ', அதாவது மோர்ஸ் சாவி ஓய்ந்தவர்கள். ஹாம் வானொலியினர் காலமானவர்களை அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். முகம் தெரியாத ஒருவர் கவனமாக வைத்த ஈயத்தை உருக்கி எடுப்பதற்கு முன் அவரை நினைத்துக்கொள்வது என் வழக்கம். அவர் எந்தச் சமயத்தவரோ. கவனம் எந்தச் சமயத்திலும் வழிபாடுதான்.

இனி மேம்படுத்தும் வேலைகள். இந்த ஆம்ப்ளிஃபையருக்கு ஹாம் நண்பர்கள் காலம்காலமாகச் செய்துவரும் மாற்றங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவற்றில் முக்கியமானவை எதுவும் ஒரு வாட்டைக்கூடக் கூட்டுவதில்லை. எல்லாமே தணிக்கும் வேலைகள்.

கெப்பாசிட்டர்களோடு கோத்துள்ள கசிவு ரெசிஸ்டர்களையே எடுத்துக்கொள்ளலாம். பழைய அமைப்பில் ஒவ்வொன்றும் 30 கிலோ ஓம். எட்டும் சேர்ந்து, கருவி சும்மா நிற்கும்போதே 37 வாட் அளவுக்கு வெப்பத்தைக் கெப்பாசிட்டர்களின் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில்தான் அவை உள்ளே காய்ந்து ஆயுளை இழக்கின்றன. இப்போது 100 கிலோ ஓம் போடுகிறோம். வெப்பம் 11 வாட்டுக்கு இறங்குகிறது. பதிலுக்கு, மின்னழுத்தம் வடிய அரை நிமிடம் ஆனது ஒன்றரை நிமிடம் ஆகிறது. கருவிக்குக் குளிர்ச்சி, நமக்குக் கொஞ்சம் கூடுதல் காத்திருப்பு. மனமுவந்து ஏற்கத்தக்க பேரம் இது.

அடுத்தது, மெதுவாகத் தொடங்க வைக்கும் சுற்று. குளிர்ந்த டங்ஸ்டனுக்கு மின்தடை மிகக் குறைவு. 5 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் எடுக்கும் ஃபிலமென்ட், சுவிட்சைப் போட்ட கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கப் பார்க்கும். அதே கணத்தில் காலியாய்க் கிடக்கும் எட்டு கெப்பாசிட்டர்களும் வாய்திறக்கும். வீட்டு விளக்குகள் ஒருமுறை மங்கி மீளும், டிரான்ஸ்ஃபார்மர் முனகும். இதற்கு மருந்து சிறியது: வரும் வழியில் ஒரு ரெசிஸ்டர், சற்று நேரத்துக்குப் பின் அதை விலக்கிவிடும் ஒரு ரிலே. அவ்வளவுதான். விழித்தவுடன் எழுந்து ஓடாமல், உட்கார்ந்து, உள்ளங்கையைப் பார்த்து, ஒரு நாமம் சொல்லிவிட்டுத் தரையில் கால்வைக்கச் சொன்ன பாட்டிமார்கள் உடம்பையும் மனத்தையும் அறிந்தே சொன்னார்கள். நாள் முழுவதற்குமான தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த முதல் சில நொடிகளில்தான் நடந்துவிடுகிறது.

பழைய ஆம்ப்ளிஃபையரை இயக்கும் ரிலே வயரில் ஏறத்தாழ 120 வோல்ட் நிற்கும். அது பிறந்த காலத்துக் கருவிகளுக்கு அது பொருட்டில்லை. இன்றைய டிரான்ஸீவரின் சிறு டிரான்சிஸ்டரோ, தொட்ட மாத்திரத்தில் போய்விடும். நடுவே ஒரு சுற்றை வைத்து அந்த வயரைச் சில வோல்ட்டுக்கு இறக்கிவிட்டால் ஐம்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. வயதில் மூத்தவர்கள் இளையவர்களிடம் பேசும்போது செய்துகொள்ள வேண்டிய மாற்றமும் இதுதான். தம் அனுபவத்தின் அழுத்தம் முழுவதையும் முதல் வாக்கியத்திலேயே இறக்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த வயர் நினைவுக்கு வரும். வால்வுக்குள் திடீரெனப் பொறி பாய்ந்தால் அதன் வேகத்தை மட்டுப்படுத்த, உயர் மின்னழுத்தப் பாதையில் சிறிய வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றும் சேர்க்கிறோம். அதன் வேலை ஒருநாள் வரலாம், வராமலே போகலாம்.

வால்வுக்கு இன்னொரு சுபாவம் உண்டு. உள்ளீடே இல்லாதபோதும், நாம் பேசும் அலைவரிசைகளுக்கு வெகு மேலே, தன் சொந்த அதிர்வெண் ஒன்றில் அது தானாகப் பாட முயலும். அதன் மின்முனைகளின் நீளமும் அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் சேர்ந்தே அதற்கான சுற்றை அமைத்துவிடுகின்றன. வால்வு என்று ஒன்று இருக்கும்வரை அந்த இயல்பும் இருக்கும். அதை அறுத்தெறிய முடியாது. வால்வின் பிளேட் என்னும் முனைக்குப் போகும் வழியில் ஒரு சிறிய சுருளையும் அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டரையும் வைக்கிறோம். வேண்டிய அலைகள் சுருளின் வழியே எளிதாகப் போய்விடும். வேண்டாத மிகை அதிர்வுக்குச் சுருள் வழிவிடாது. அது ரெசிஸ்டருக்குள் திரும்பி வெப்பமாகி ஓய்ந்துவிடும். காலப்போக்கில் இந்த ரெசிஸ்டர்களின் மதிப்பு மாறிப்போவதால் அளந்து பார்த்து மாற்ற வேண்டும். ஆணவம் முத்தி நிலையிலும் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் மடங்கிக் கிடக்கும் என்பது சித்தாந்தத்தின் முடிவு. இதைக் கேட்கும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ‘நான்’ என்பதைக் கொன்றுவிட வேண்டும் என்று கிளம்பியவர்கள் அந்தக் கொலையையே ஒரு பெருமையாக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறோம். அடக்கி வைக்கும் ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது அளந்து பார்ப்பது போதும். அதிலும் மிகை கூடாது. அடக்கும் சுருளை அளவுக்கு மேல் பெரிதாக்கினால் 10 மீட்டர் அலைவரிசையில் நல்ல அலையும் ரெசிஸ்டருக்குள் புகுந்து அதை எரித்துவிடும்.

எஸ்.பி.-220-இல் இருப்பவை 3-500இசட் என்னும் இரண்டு வால்வுகள். அந்த வகையை உருவாக்கிய ஐமாக் நிறுவனத்தை 1934-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வில்லியம் ஐட்டல், ஜாக் மெக்கல்லோ இருவரும் ஹாம் வானொலியில் வளர்ந்தவர்கள். இந்த வால்வு வேலை செய்வது உள்ளே ஒன்றும் இல்லாததால்தான். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்று முனை வால்வைச் செய்தபோது, அதற்குள் எஞ்சிய சிறிது வாயுதான் அதை இயக்குகிறது என்று நம்பினார். ஹெரால்ட் ஆர்னால்டும் இர்விங் லாங்மியூரும் நேர்மாறாகக் கண்டார்கள்: வாயுவை எவ்வளவுக்கு உறிஞ்சி எடுக்கிறோமோ அவ்வளவுக்கு வால்வு நம்பகமாக நடந்துகொள்ளும். அதன் பிறகே 1915-இல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தொலைபேசிக் குரல் போக முடிந்தது.

பல ஆண்டுகள் தூங்கிய வால்வுக்குள் கொஞ்சம் வாயு சேர்ந்திருக்கலாம். அப்படியே 3000 வோல்ட் கொடுத்தால் உள்ளே பொறி பாயும். ஃபிலமென்ட்டை மட்டும் பல மணி நேரம் எரியவிட்டு, பிறகு குறைந்த மின்னழுத்தத்தில் பிளேட்டைச் சிவக்கச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில்தான் உள்ளேயிருக்கும் கெட்டர் என்ற பொருள் மிச்ச வாயுவைப் பிடித்துக்கொள்ளும். வெறுமை ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் நிற்பதில்லை. உபயோகத்தில் இருக்கும் வால்வு, தன் சூட்டினாலேயே தன்னைக் காலியாக வைத்துக்கொள்கிறது. தியானம் பழகிவிட்டு இடையில் விட்டவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த ஆம்ப்ளிஃபையரில் வால்வின் கிரிட் என்னும் முனை சேஸிஸோடு சேர்ந்திருக்கிறது. உள்ளீடு கேதோடாகவும் வேலை செய்யும் ஃபிலமென்ட்டின் பக்கம் வருகிறது. இதனால் ஒரு நன்மை: நாம் கொடுக்கும் 100 வாட்டின் பெரும்பங்கு வீணாவதில்லை, பெருக்கிய ஆற்றலோடு அதுவும் சேர்ந்து ஏரியலுக்குப் போகிறது. உள்ளே வந்ததன் வடிவம் அப்படியே வெளியே போக வேண்டும். ஆம்ப்ளிஃபையர் தன் பங்காக எதையும் சேர்க்கக்கூடாது. தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டினால் அலையின் உச்சி தட்டையாகி, பக்கத்து அலைவரிசைகளில் பேசுகிறவர்களின் காதில் குப்பையாக விழும். திருத்தருமபுரத்தில் சம்பந்தரின் பதிகம் தன் யாழில் அடங்கவில்லை என்று கண்ட திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, அந்தக் கருவியில் எவ்வளவு வருமோ அவ்வளவு வாசியுங்கள் என்ற பொருள்பட அருளியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. கருவியின் எல்லை அறிந்து அதற்குள் சுத்தமாக வாசிப்பது குறை ஆகாது.

எல்லாம் முடிந்து மூடியைத் திருகிய பிறகு, எவ்வளவு சத்தமாகப் பேசுவது என்ற கேள்வி வரும். அமெரிக்க ஹாம் விதிகள் 1500 வாட் வரை இடம் தருகின்றன. அதே விதிகள், தொடர்புக்குத் தேவையான மிகக் குறைந்த ஆற்றலையே பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்கின்றன. 100 வாட்டை ஆயிரம் ஆக்கினால் கிடைப்பது 10 டெசிபெல். மறுமுனையில் இருப்பவரின் கருவியில் வரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் அது இரண்டு படிகூட முழுதாக ஏறாது. சில இரவுகளில் அந்த இரண்டு படிதான் இரைச்சலுக்கும் குரலுக்கும் நடுவிலுள்ள கோடு. பெரும்பாலான இரவுகளில் அது தேவையே இல்லை. 3-500இசட் நொடிகளில் சூடாகும் வகை என்பதால் அணைத்தே வைத்திருக்கலாம். 20 மீட்டர் அலைவரிசையில் யாராவது என் அழைப்புக்குறியைப் பிடிக்க முடியாமல் திணறினால் போடுகிறேன். பெயரும் ஊரும் போய்ச் சேர்ந்து, இரைச்சலும் அடங்கி, இப்போது நன்றாகக் கேட்கிறது என்று அவர் சொன்னதும், அணைத்துவிட்டு 100 வாட்டிலேயே பேச்சைத் தொடர்கிறேன்.