நூலை நம்புதல் யாது?

கிறித்துவர் ஒருவர் “யான் பைபிளை நம்புகின்றேன்” என்று கூறுவாராயின், அக்கூற்றின் பொருள் யாது? அந்நூலின் சொற்களை அறிந்துளேன் என்பதோ? அதன்கண் கூறியவெல்லாம் கூறியவாறே நிகழ்ந்தன என உடன்படுகின்றேன் என்பதோ? அன்றி, அந்நூலின் ஆணைக்குள் நிற்கின்றேன் என்பதோ? காட்சி, கருதல், உரை என அளவை மூன்று கொண்டு, பதியின் இயல்பு துணிதற்கண் உரையைப் பெரிதும் போற்றுவோராகிய நாம், இவ்வினாவைப் பிறர் வீட்டு வழக்கெனத் தள்ளிவிடுதல் தகாது. நூலை நம்புதல் இன்னதெனத் தெளியாதார் தம் நூலையும் நம்பினவராகார்.

கல்வராயன் மலைமேற் கரியாலூரில் எம்பாற் பாடங்கேட்கும் இளைஞர் ஒருவர், பைபிளிலுள்ள முரண்களை நிரல்படத் தொகுத்துத் தருமாறு வேண்டினார். தம் கிறித்துவ நண்பரோடு வாதிடுதற்கு அது படைக்கலமாம் என்பது அவர் கருத்து. அங்ஙனம் தொகுத்தல் அரிதன்று. ஆயின் அது குறியைச் சென்று தைக்காத அம்பாய் முடியும். என்னை? நம்பிக்கை நிற்கும் இடம் ஒன்று. அவ்வம்பு பாயும் இடம் வேறு. இதனை ஒரு முறையான் ஆராய்வாம்.

முதற்கண், நூலை அறிதல் நூலை நம்புதல் ஆகாது என்பது காண்க. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழிற் பெயர்த்தபொழுது உடனிருந்து உதவினார். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. சொற்களை நிறுத்து நிறுத்து இடுவார்க்கு நூலின் உட்பொருள் மறைந்திருத்தல் இல்லை. அங்ஙனமாகவும், அவர் 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854-இற் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டு, பாதிரிமார் சைவக் கிரியைகளிற் கண்ட குற்றங்களுக்கு அவர்தம் நூல்கொண்டே விடையிறுத்தார். மற்றொருபால், திருநெல்வேலிச் சீமைக் கிருஷ்ண பிள்ளை (1827–1900) வைணவ மரபிற் பிறந்து, சாயர்புரம் மிஷன் பாடசாலையிற் றமிழாசிரியராயிருந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். பிற்காலத்தே இரட்சணிய யாத்திரிகமும் பாடினார். இருவரும் தமிழ் வல்லார். இருவரும் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்தோர். இருவர் கையிலும் இருந்தது ஒரே நூல். ஒருவர் அதனைக் கற்று மறுத்தார். ஒருவர் அதனைக் கற்று அதன்கீழ் நின்றார். ஆகலின் நம்பிக்கை கல்வியின் அளவாய் வருவதொன்றன்று.

இனி, நூல் குற்றமற்றதெனக் காண்டலே நம்பிக்கையோ எனின், அதுவும் முற்றப் பொருந்தாது. யோசேப்பின் தந்தை யாக்கோபு என்று மத்தேயு எழுதுவர்; ஏலி என்று லூக்கா எழுதுவர். இம்முரண் நம் இளைஞர் புதுவதாகக் கண்டதன்று. கிறித்துவ ஆசிரியரே 3-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்து ஆராய்ந்து அமைதி கூற முயன்றது. இதனினும் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. 2-ஆம் நூற்றாண்டில் தாத்தியன் என்பார் நான்கு சுவிசேஷங்களையும் இழைத்துத் தொடர்பான ஒரே வரலாறாக ஆக்கினார். சிரியமொழிச் சபைகள் அதனை நெடுங்காலம் ஓதிவந்தன. 5-ஆம் நூற்றாண்டில் தெயதொரேத்து என்னும் பேராயர் தம் ஆட்சியெல்லையில் அந்நூற்படிகள் 200-க்கு மேற்பட்டவற்றை அகற்றி, தனித்தனி நின்ற நான்கினையுமே அவற்றினிடத்தில் வைத்தார். தாத்தியன்பால் அவர் கண்ட பிற குற்றங்களும் அதற்குக் காரணமாம். எவ்வாறாயினும், முரணின்றி இணைத்த ஒன்று கையகத்திருக்கவும், வேறுபட உரைக்கும் நான்கினைப் பேணிய கூட்டத்தாரை நோக்கி, ‘உம் நூலில் வேறுபாடு உண்டு’ என்பதனாற் பயன் என்னை?

அற்றேல், அவர் நம்புவது எதனை? அவர்தம் வழிபாட்டில் ஓதப்பெறும் விசுவாசப் பிரமாணத்தை நோக்குக. பிதாவை நம்புகின்றேன், குமாரனை நம்புகின்றேன், பரிசுத்த ஆவியை நம்புகின்றேன் என்னும் கருத்தின அதன் பகுதிகள். ‘பைபிளை நம்புகின்றேன்’ என்பதொரு பகுதி அதன்கண் இல்லை. பைபிள் என்னும் பெயரும் கிரேக்கத்தில் ‘நூல்கள்’ எனப் பன்மை குறித்ததே. அந்நூல்கள் எத்துணைய என்பதிலும் அவருள் ஒருமை இல்லை: புரோடஸ்டண்டார் 66 என்பர், ரோமன் கத்தோலிக்கர் 73 என்பர். அன்றியும், சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறை வந்தார். தமிழிற் புதிய ஏற்பாடு முழுதும் தரங்கம்பாடியில் அச்சேறியது 1715-இல். இடைப்பட்ட காலத்துப் பரதவர் பலர், அச்சிட்ட பைபிளைத் தமிழிற் காணாதேயும், செபமும் பிரமாணமும் கேட்டு ஓதிக் கிறித்துவராய் வாழ்ந்து மாய்ந்தனர். இவற்றாற் போந்தது யாதெனின், கிறித்துவர் நம்பிக்கைக்கு இலக்கு ஏடன்று, ஏசுவே என்பதும், ஏடு அவர்க்குச் சான்றுரையாய் நிற்பது என்பதுமாம். சான்று கூறுவார் நால்வர் சிறிது வேறுபடக் கூறினும் நிகழ்ச்சி பொய்யாகாது என்பது அவர் துணிபு.

அற்றன்று, எழுத்தொன்றும் பிழையாதென்பாரும் அவருள் உளரே எனின், உளர். 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் வெளியிடப்பெற்ற ‘அடிப்படைகள்’ என்னும் தொகுதிகளிலும், 1978-இல் சிக்காகோவிற் கூடினோர் விடுத்த அறிக்கையிலும் அக்கொள்கை வலியுறுத்தப்பட்டது. அவரை நோக்கி முரண் காட்டுதல் ஓரளவு செல்லும். ஆயினும் அவரும், கூறினோன் பொய்யான் என்னும் துணிபுபற்றியே கூற்றுப் பொய்யாதென்பர். எழுத்தை எண்ணிப் பார்த்துப் பின் இறைவனைத் துணிந்தாரல்லர்.

இனி, இதனை நம் சாத்திர முறையில் வைத்துக் காண்பாம். பிறர் கூறும் அளவைகள் பத்தினையும் எண்ணி, அவை மூன்றில் அடங்குமெனச் சிவஞானசித்தியார் முடிவு செய்யும். அப்பத்தனுள் ஐதிகம் என்பது, முதற்கண் கூறினார் இன்னாரெனத் தெரியாது வழிவழி வருஞ் சொல். இம்மலையில் வாழும் மலையாளிக் குடிகள் தம் முன்னோர் காஞ்சியினின்று போந்தோர் என்பர். அஃது ஏட்டில் எழுதிக் காத்ததன்று, தந்தை சொல்ல மகன் கேட்டது. கிறித்துவர் நம்பிக்கை அத்தகையதன்று. கண்டார் இன்னார், கேட்டார் இன்னார் எனப் பெயர் சுட்டி நிற்றலின் அஃது உரையெனத் தன்னைக் கூறிக்கொள்ளும். நம் உரையளவை தந்திரம், மந்திரம், உபதேசம் என முத்திறப்படும். ஒழுக்கத்தை வகுப்பது, வழிபாட்டிற் செலுத்துவது, முதல்வன் இயல்பை உணர்த்துவது என அவற்றைச் சுருங்கச் சொல்லலாம். கிறித்துவரும் தம் நூலை இம்முத்திறத்தானும் கொள்கின்றனர். கற்பனையாக ஏற்று ஒழுகுகின்றனர், சங்கீதமாக ஓதி வழிபடுகின்றனர், ஏசுவின் இயல்பை உணர்த்துவதாகக் கேட்கின்றனர். வேதம், ஆகமம் என்னும் நம் பெயர் இரண்டனையும் கூட்டி ‘வேதாகமம்’ என அவர் தம் நூற்குப் பெயரிட்டமை இதனாற் பொருத்தமின்றிப் போகவில்லை.

ஆயின் வேறுபாடு எங்கே? அநாதியே மலமற்றான் அருளிய உரை என்பது நம் ஆகமம். ஒரு காலத்து ஓர் இடத்து நிகழ்ந்ததற்குச் சான்று என்பது அவர் சுவிசேஷம். அந்நிகழ்ச்சியைக் கேளாது இறந்த உயிர்கட்கு உய்தி யாது என்பதே நாம் எழுப்பத்தகும் வினா. இதனை அவர் ஆராயாதிருந்திலர்; 1964-இல் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி அறியாதிருந்து நேர்மையான மனத்தோடு இறைவனைத் தேடுவோரும் உய்தல் கூடும் என்றது. ‘அங்ஙனமாயின் அவ்வுயிரை உய்விப்பது யாது?’ என நாம் மேலும் வினவலாம். பக்குவம் நோக்கி உயிர்தோறும் முதல்வனே குருவாய் எழுந்தருளுவான் என்பது நம் விடை. முரண் பொறுக்குதலை விடுத்து இவ்விடத்து வாதிடுதலே இருதிறத்தார்க்கும் பயன்படும்.

இனி, நூலின்கீழ் நிற்றற்கு அடையாளம் யாது? நூலைக்கொண்டு பிறரை அளத்தல் எளிது. தன்னை அளக்க விடுதலே அடையாளம். 1833-இற் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபையிற் சாதிவேற்றுமை நிற்றலாகாது என ஆணையிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலிய தமிழ்க் கிறித்துவர் பலர் அதனை உடன்பட்டிலர். இருதிறத்தார் கையிலும் பைபிளே இருந்தது. தம் வழக்கத்தை நூல் அறுக்கவிடுவாரோ, நூலைத் தம் வழக்கத்திற்கு அரணாக்குவாரோ, எவர் அதனை நம்பினவர் என்பது அவர் விடையிறுக்க வேண்டிய வினா.

அவ்வினா நம்மையும் நோக்கி நிற்கின்றது. நாவலர் ஆகமத்தை நம்பினார் என்பதற்குப் பாதிரிமாரை மறுத்தது மட்டும் சான்றாகாது. தம் ஊராகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்திற்கு மாறானவை நிகழ்கின்றன எனத் தம்மவரையே எதிர்த்து எழுதினாரே, அதுவே சான்று. புதுச்சேரியிற் காக்கப்பெறும் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன என மகிழ்கின்றோம், மகிழத்தக்கதே. ஆயின் சுவடியைக் காத்தல் வேறு, சுவடி நம்மைக் காக்கவிடுதல் வேறு. திருநாளைப்போவாரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் நாயன்மார் எனப் பெரியபுராணம் ஓதி எழுந்து, பந்தியில் அமர்வார்தம் பிறப்பை வினவுவோமாயின், நாம் அந்நூலை அறிந்தோமேயன்றி நம்பினோமல்லோம். பைபிளில் முரண் தேடும் கண்ணுக்கு இம்முரண் தெரியாதிருத்தல் எங்ஙனம்?

சிவகோசரியார் ஆகமம் வல்லார். அதன்வழி வழுவாது பூசித்தார். காளத்தி மலைவேடர் திண்ணனார் எழுத்தும் அறியார். இறைவன் சிவகோசரியாரின் பூசையை இகழ்ந்திலன். அவர் கனவில் தோன்றி, மறைந்திருந்து வேடரது அன்பைக் காணுமாறு பணித்தான். அவரும் ‘எம் நூலில் இதற்கு விதியில்லை’ என மறுத்திலர்; சென்று ஒளித்திருந்து கண்டார். தாம் கற்ற நூலின் தலைவன் தம்மைத் திருத்த இடங்கொடுத்தமையின், அவரே ஆகமத்தை முற்ற நம்பினவர் ஆயினார். கிறித்துவராயினும் சைவராயினும் நூலை நம்புதலாவது இதுவே. மலைவாழ்வாரை நூலறியார் என எண்ணுவார் இதனை மறவாதிருத்தற்குத் திருவருள் துணை நிற்பதாக.