பழி யார்மீது?

குழந்தை வார்டில் பயிற்சிக்கு நிற்கும் வைத்திய மாணவன் முதலில் உணர்வது, தன் நோயாளிக்குப் பேச்சு வராது என்பதே. நோயைச் சொல்பவள் தாய். அவள் சொல்வதைக் கேட்கலாம். அவளையே கடிந்துகொள்ளவும் செய்யலாம். பின்னது எளிது.

ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய மாது கேட்டார். அந்நாளில் கோல்ட்கோஸ்ட் எனப்பட்ட கானா நாட்டில், சிறு குழந்தைகள் கால் வீங்கித் தோல் உரிந்து மாண்டனர். அந்நோயை 1935இல் 'குவாஷியோர்க்கர்' என்று அவர் உலகுக்கு அறிவித்தார். அது அவ்வூரார் வழங்கிய சொல். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பால் இழந்த பிள்ளையின் நோய் என்பது கருத்து. காரணம் பெயரிலேயே இருந்தது!

பின்னர் அவர் சிங்கப்பூரில் மாணவர்களுக்குக் குழந்தை வைத்தியம் போதித்தார். தாதியர்போல் உடுத்த பெண்கள், சீனி கலந்த டின் பாலைத் தாய்மாரிடம் புகழ்ந்து விற்ற காலம் அது. அத்தகைய பிரசாரத்தால் நேரும் சாவைக் கொலையென்றே கொள்ள வேண்டுமென 1939இல் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசினார். தாயைக் கொலைகாரி என்றாரில்லை, விற்றவரைச் சொன்னார்.

விற்றவர் மட்டுந்தானா? கலும்பாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குப் போன தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். மார்பில் பால் இருந்தது; பிள்ளை அருகில் இல்லை. அவள் டின் பாலில் நீரைக் கூட்டிப் புட்டியில் ஊற்றி வைத்தாளெனில், 'அறியாமை' என்று சீட்டில் எழுதுவது நியாயமோ? செக்ரோல் எழுதும் கிராணியாகிய நாம் ஒன்று சொல்வோம்: வேலை நேரத்தை வகுத்தவள் அவளல்லள்.

மாணவன் நாடி பார்க்கட்டும், எடை போடட்டும். பிறகு, "அம்மா, நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள்?" என்றும் கேட்கட்டும்.