களிம்பும் வாய்மையும்

திருகோணமலையை அடுத்த கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பெயர் சல்லி. சிறுகாசுக்கும் அதுவே பெயர். பழஞ்செப்புக் காசுகளைச் சேர்ப்போர் அவற்றின் நிறத்திற்கும் விலை கொடுக்கின்றனர். யாழ்ப்பாண மன்னரின் 'சேது' பொறித்த காசாயினும், ஒல்லாந்தக் கம்பனியின் துட்டாயினும், காற்றும் மண்ணும் நெடுங்காலம் தீண்டியதால் செம்மையும் கருமையும் பசுமையும் அதன்மீது படிகின்றன. அந்நிறத்தை மருந்தாலும் தீயாலும் ஒரே நாளில் வருவிக்கவும் இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேயெனின், குற்றம் யாது? அழகு மட்டுமே விற்கப்படுமாயின் குற்றமில்லை. ஆனால், வாங்குவோன் விலை கொடுப்பது காசு கடந்துவந்த காலத்திற்கு. விற்போன் தருவதோ அக்காலத்தின் வேடம். புளியிட்டுத் துலக்குவோனும் காசின் சான்றை அழிக்கவே செய்கிறான். எனினும், அவன் எவரையும் ஏமாற்றவில்லை. அறியாமை ஒரு காசைக் கெடுக்கும். பொய்யோ, மெய்யாகவே முதிர்ந்த காசுகள் அனைத்தின்மீதும் ஐயத்தை ஏற்றிவிடும்.