புகழும் பழியும் பேசும் கருவி

செல்வத்தை எண்ணிவிடலாம், புகழை எண்ண இயலாது. செல்வம் உடையவனின் பெட்டியில் இருக்கிறது. அவனது புகழோ பிறர் நாவில் இருக்கிறது. தன் பெட்டிக்குப் பூட்டுப் போட வல்லவன், பிறர் நாவுக்குப் பூட்டுப் போட வல்லவன் அல்லன். ஆதலால்தான் பெருஞ்செல்வர் பலருக்குப் பொருளைப் பற்றிய கவலையினும் பெயரைப் பற்றிய கவலை பெரிதாகிவிடுகிறது.

முன்னாளில் ஒருவரது பெயர் ஊரார் வாயில் வாழ்ந்தது. பின்னர் அச்சேறி நாளிதழ்களில் வாழ்ந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, அது புதியதோர் இடத்திலும் குடியேறியுள்ளது. ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையைக் கையில் வைத்திருக்கும் குடும்பத் தலைவர் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து, “இந்த முதலீட்டாளர் எப்படிப்பட்டவர்? இவர் சொல்லை நம்பிப் பணம் போடலாமா?” என்று கேட்கிறார். சில நொடிகளில் விடை வருகிறது. நடை தெளிவாக இருக்கிறது; குரலில் தயக்கமில்லை; கற்றறிந்த பெரியவர் ஒருவர் நிதானமாக எடுத்துரைப்பது போலவே இருக்கிறது.

அந்த விடை எந்தப் பிரமாணத்தின் மேல் நிற்கிறது? அன்பர்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே. வாழ்நாள் சேமிப்பும், ஒரு மனிதனின் நற்பெயரும், கேட்பவனின் மனத்தூய்மையும் இந்த ஒரு கேள்வியைச் சார்ந்துள்ளன.

சாட்சியில்லாத பேச்சு

செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்குவோர் நூல்கள், செய்திகள், உரையாடல்கள் என மனிதர் எழுதிய கோடானுகோடிச் சொற்களை அதற்கு ஊட்டுகின்றனர். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதை அது அவற்றிலிருந்து கற்கிறது. கேள்வி எழும்போது, கற்ற பழக்கத்தின் வழியே சொல்லுக்குப் பின் சொல்லாக விடையைத் தொடுக்கிறது. சில கருவிகள் விடை கூறுமுன் இணையத்தில் தேடியும் பார்க்கின்றன. அங்குக் கிடைப்பவையும் பிறர் எழுதிய சொற்களே.

மனத்தில் பதிந்த வாசனைகளின் தடத்தில் எண்ணம் ஓடுவதை இது ஒத்திருக்கிறது. ஆனால் மனத்துக்குப் பின்னால் சாட்சி ஒன்று உண்டு. ‘இப்படி எண்ணுகிறேனே, இது மெய்யா?’ என்று விலகி நின்று பார்க்க மனிதனால் முடியும். கருவியோ சொற்களின் தடத்தில் ஓடுகிறது. குறிப்பிட்ட அந்தச் செல்வரை அது கண்டதில்லை, அவரோடு பழகியதில்லை, அவரால் வாழ்ந்தவரின் கண்ணீரையும் கெட்டவரின் கண்ணீரையும் அறிந்ததில்லை.

செல்வரைப் பற்றிய சொற்களோ பெரும்பாலும் ஏதேனும் ஒரு நோக்கத்தோடு பிறப்பவை. நிறுவனம் வெளியிடும் அறிவிப்புகள், விருதுச் செய்திகள், பாராட்டுக் கட்டுரைகள் ஒருபுறம். போட்டியாளரின் குறை கூறல், அரசியல் பகை, பொறாமையில் பிறந்த வசை மறுபுறம். இரு புறத்தையும் கருவி உண்கிறது. உண்டதையே நமக்குப் பரிமாறுகிறது.

ஆப்தன் யார்?

நம் தரிசனங்கள் அறிவு பிறக்கும் வழிகளை நுணுகி ஆராய்ந்தவை. பிறர் சொல் வழியாகவும் அறிவு பிறக்கும் என்பதை நியாய தரிசனம் ஏற்கிறது. ஆனால் எவர் சொல்லும் பிரமாணம் ஆகிவிடாது. ஆப்தனின் சொல்லே பிரமாணம். பொருளை நேரே உணர்ந்தவனாகவும், உணர்ந்ததை உணர்ந்தவாறே எடுத்துரைக்கும் விருப்பம் உடையவனாகவும் இருப்பவனே ஆப்தன். அறிவும் வாய்மையும் ஒருங்கே அமைந்தாலன்றி அவன் சொல்லில் சாய்ந்துகொள்ள முடியாது.

ஐதிஹ்யம் என்ற ஒன்றையும் அப்பெரியோர் பேசுகின்றனர். முதலில் கூறியவர் இன்னார் என்று சுட்டாமல், ‘இப்படிச் சொல்கிறார்கள்’ என்று வழிவழி வரும் செய்தி அது. அதன் மூலத்தில் ஆப்தன் ஒருவன் இருந்தால் அது நிற்கும். இல்லையேல் வெறும் வதந்தியாய் வீழும். செல்வரின் நற்பெயரைப் பற்றிக் கருவி உரைப்பது இந்த வகையைச் சேர்ந்ததே. மூலம் எது என்று தேடிச் சென்று காணாதவரை, அழகிய நடையில் அமைந்த ‘சொல்கிறார்கள்’ என்பதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

இரு செல்வர்கள்

அமெரிக்க நாட்டின் இரு செல்வர்களின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

பெர்னார்டு மேடாஃப் என்பவர் நியூயார்க்கில் பெரும் மதிப்போடு வாழ்ந்தவர். 1990களில் நாஸ்டாக் பங்குச்சந்தையின் தலைவர் பதவியை வகித்தவர். அவரிடம் பணத்தை ஒப்படைக்க இடம் கிடைப்பதே பேறு என்று செல்வர்கள் கருதினர். ஹாரி மார்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளர் கணக்கிட்டுப் பார்த்து, இத்தகைய ஏற்ற இறக்கமற்ற இலாபம் இயலாதது என்று கண்டார். 2000 முதல் பலமுறை அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு எழுதினார். அவர் சொல் எடுபடவில்லை. 2008 டிசம்பர் 11 அன்று மேடாஃப் கைது செய்யப்பட்டபோதுதான், புதியவர் தந்த பணத்தைப் பழையவருக்கு இலாபமென்று கொடுத்துவந்த மோசடி உலகுக்குத் தெரிந்தது. முதலீட்டாளர்களின் கணக்குகளில் சுமார் 6,500 கோடி டாலர் இருப்பதாகத் தாளில் காட்டப்பட்டிருந்தது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற எலீ வீசலின் அறக்கட்டளை 1.5 கோடி டாலருக்கு மேல் இழந்தது. மேடாஃபுக்கு 150 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது; 2021இல் சிறையிலேயே அவர் மறைந்தார்.

சக் ஃபீனி என்பவர் விமான நிலையங்களில் வரியில்லாப் பொருள் விற்கும் கடைகளால் பெருஞ்செல்வம் ஈட்டியவர். ஜெனரல் அட்லாண்டிக் என்ற முதலீட்டு நிறுவனத்தையும் தோற்றுவித்தவர். 1982இல் அட்லாண்டிக் ஃபிலாந்த்ரபீஸ் என்ற அறக்கட்டளையை நிறுவி, 1984இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஓசையின்றி அதற்கு எழுதிவைத்தார். உதவி பெறுவோர் கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஏற்பாடு. 1988இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவரை அமெரிக்காவின் பெருஞ்செல்வர் வரிசையில் சேர்த்தது. அச்செல்வம் அவர் கையை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன! 1997 வரை அவரது ஈகையை உலகம் அறியவில்லை. மொத்தம் 800 கோடி டாலர் வழங்கி முடித்து, 2020இல் அந்த அறக்கட்டளை தன் பணியை நிறைவு செய்தது. வாடகைக் குடியிருப்பில் எளிமையாக வாழ்ந்த அவர் 2023இல் காலமானார்.

இன்றைய கருவி 1990களின் தொடக்கத்தில் இருந்திருக்குமானால் இவ்விருவரையும் எப்படி வருணித்திருக்கும்? அன்று எழுதப்பட்டிருந்த சொற்களே அதற்கு உணவு. மேடாஃபை நம்பிக்கைக்கு உரியவர் என்று அது கூறியிருக்கும். ஃபீனியைப் பணம் சேர்த்தும் ஈயாதவர் என்று எண்ணத் தூண்டியிருக்கும். சொற்கள் பெருகியதால் பொய் மெய்யாகவில்லை. சொற்கள் இல்லாததால் தர்மம் இல்லாமற்போகவில்லை. எண்ணிக்கை உண்மையின் அளவுகோல் அன்று.

கண்ணாடியைச் சாய்ப்போர்

கிடைத்த சொற்களைக் காட்டுவது மட்டுமன்றி, கண்ணாடியே சாய்வதும் உண்டு. எலான் மஸ்கின் நிறுவனம் உருவாக்கிய கருவி குரோக். பொய்த் தகவல் பரப்புவோராக அவரையோ அமெரிக்க அதிபர் டிரம்பையோ குறிப்பிடும் ஆதாரங்களைப் புறக்கணிக்குமாறு அக்கருவிக்குக் கட்டளை இடப்பட்டிருந்தது 2025 பிப்ரவரியில் வெளிப்பட்டது. ஊழியர் ஒருவர் அனுமதியின்றிச் செய்த மாற்றம் அது என்று கூறி, நிறுவனம் அதனை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில், உடல்வலிமையிலும் அறிவிலும் பலரினும் மேலானவர் என்று அக்கருவி தன் உரிமையாளரை வியந்து போற்றியது கண்டு உலகம் நகைத்தது. வஞ்சகமான கேள்விகளால் அவ்வாறு கூற வைக்கப்பட்டது என்று மஸ்க் விளக்கினார். எவ்வாறாயினும் பாடம் ஒன்றே: அந்தப் புகழ்ச்சியில் கட்டளையாலோ கேள்வியாலோ மாறாத பகுதி மிகச் சிறிது.

கேட்பவனின் விருப்பமும் கண்ணாடியைச் சாய்க்கும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் புதிய வடிவம் ஒன்று கேட்பவரை அளவுமீறி முகத்துதி செய்ததால், அதனை உருவாக்கிய நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. வியப்போடு கேட்பவனுக்கு வியப்பும், வெறுப்போடு கேட்பவனுக்கு வெறுப்பும் விடையாக வந்துவிடக்கூடும். அப்போது அவன் காண்பது அந்தச் செல்வரை அன்று, தன் மனத்தையே.

பழியும் இவ்வாறே. ஆஸ்திரேலியாவில் பிரையன் ஹுட் என்ற மேயர், லஞ்ச ஊழல் ஒன்றை முன்பு வெளிப்படுத்தியவர். ஊழலை எதிர்த்த அவரையே அந்த ஊழலில் தண்டனை பெற்றவராக சாட்ஜிபிடி வருணித்தது 2023இல் தெரியவந்தது. அவர் பெயரும் குற்றத்தின் பெயரும் அருகருகே எழுதப்பட்டிருந்தன; யார் செய்தார், யார் தடுத்தார் என்ற வேறுபாடு கருவிக்கு நழுவிப்போயிற்று. பொதுவாழ்வில் உள்ளவர் குரல் எழுப்ப முடிந்தது. குரலற்றவர் என் செய்வர்?

முகமும் குரலும் களவுபோகும் காலம்

நற்பெயரை வருணிப்பதோடு நில்லாமல், அதனைக் களவாடவும் இத்தொழில்நுட்பம் பயன்படுகிறது. புகழ்பெற்ற முதலீட்டாளர் வாரன் பஃபெட், தம் முகத்தோடும் குரலோடும் பேசிய போலிக் காணொளி ஒன்றைத் தாமே கண்டதாகவும், தம் மனைவியோ மகளோ கூட வேறுபாடு கண்டிருக்க மாட்டார்கள் என்றும் 2024 மே மாதம் ஒமாஹா நகரில் பங்குதாரர்களிடம் கூறினார். 2025 நவம்பரில் அவரது நிறுவனம் போலிக் காணொளிகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2023 டிசம்பரில், தாம் முதலீட்டு யோசனை கூறுவதாகப் பரவிய காணொளி பொய்யானது என்று ரத்தன் டாடா அறிவித்தார். தேசியப் பங்குச்சந்தையின் தலைமை அதிகாரி பங்குகளைப் பரிந்துரைப்பதாகக் காட்டிய போலிக் காணொளிகளை நம்ப வேண்டாம் என்று அச்சந்தை 2024 ஏப்ரலில் எச்சரித்தது. பல்லாண்டு நேர்மையால் ஈட்டிய பெயரே திருடனின் தூண்டிலுக்கு இரையாகிறது.

சாதகன் செய்யத்தக்கவை

இல்லறத்தில் நிற்பவன் பொருளைக் காப்பது கடமையே. அவன் பெரியவர் ஒருவரின் பெயரைக் கேட்டு மயங்காமல் மூலத்தை நாட வேண்டும். ஆலோசகர் செபியில் பதிவு பெற்றவரா என்பதை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். இலாபம் எவ்வாறு வருகிறது என்று விளக்க இயலாதவரிடமும், விரைந்து முடிவெடுக்கத் தூண்டுபவரிடமும் பணத்தைக் கொடாதிருத்தல் விவேகம். மேடாஃபிடம் இழந்தவர்கள் அறிவிலிகள் அல்லர். பிறர் மதிப்பையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டவர்கள். பேராசை கண்ணைக் கட்டும்போது, கட்டுத்துணியாக அமைவது பெரும்பாலும் இன்னொருவரின் புகழே.

அடுத்தது நாவடக்கம். திருக்குறளின் இல்லறவியலில் புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகிய அதிகாரங்கள் முதலில் வருகின்றன. பின்னர் ஒப்புரவறிதலும் ஈகையும் வந்து, இறுதியில் புகழ் வருகிறது. அந்த வைப்புமுறையே ஓர் உபதேசம். நாவை அடக்கி, உலகோடு ஒத்து உதவி, ஈந்து வாழ்ந்தவனைப் புகழ் தானே வந்து சேரும். தேடிப் பிடிப்பதால் சேராது. முன்பெல்லாம் திண்ணையில் பேசிய புறஞ்சொல் காற்றோடு போயிற்று. இன்று ஆராயாமல் எழுதும் ஒரு வரி கருவியின் உணவில் கலந்து, எங்கோ ஒருவர் கேட்கும் கேள்விக்கு விடையாகத் திரும்பி வரக்கூடும். செல்வரைத் துதிப்பதால் ஆதாயம் வரும் என்றோ, இகழ்வதால் மனம் ஆறும் என்றோ எழுதப்படும் ஒவ்வொரு சொல்லும் பிறர் அறிவில் கலக்கும் நஞ்சாகும். அறிந்ததை மட்டும் சொல்வதும், அறியாத இடத்தில் மௌனம் காப்பதும் இன்றைய வாக்குத் தவம்.

மூன்றாவது, தன் பெயரைப் பற்றிய பற்றை விடுதல். புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் சமமாகக் கொள்பவனைத் தனக்கு இனிய பக்தன் என்று கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பகவான் சொல்கிறார். கருவியில் தன் பெயரைத் தட்டிப் பார்த்து மகிழ்பவனும் வருந்துபவனும் ஒரே கட்டில் அகப்பட்டவர்கள். ஃபோர்ப்ஸ் இதழ் தம்மைப் பணக்காரர் என்று எழுதியபோதும் ஃபீனி தம் ஈகையை நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்லிப் புகழ் தேடவும் இல்லை. தாம் யார் என்பது தமக்குத் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

சொற்களால் ஆன முகத்தைச் சொற்களே மாற்றும். செயல்களால் ஆன வாழ்வை எந்தச் சொல்லும் மாற்றாது. மறைவாகச் செய்த தர்மத்தையும் மறைவாகச் செய்த வஞ்சனையையும் கருவி அறியாமல் இருக்கலாம். இதயத்தில் அந்தர்யாமியாய் இருப்பவன் அறிவான். அவன் திருமுன் நாணாமல் நிற்கத்தக்க வாழ்வை வாழ்வோமாக.