உள்ளே வரும் காற்றைத் தள்ளுவது யார்?

மெய்கண்டார் வழிவந்த சைவர்களிடம் ஒரு பழைய கேள்வி உண்டு. உயிரைப் பிணித்த ஆணவ மலம் நீங்குவது நம் முயற்சியாலா, சிவன் அருளாலா? மலம் பக்குவப்பட்ட பிறகு அருள் பதிகிறதா, அருள் பதிவதால் மலம் பக்குவப்படுகிறதா? மலபரிபாகம், சத்திநிபாதம் என்று இரண்டுக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் பெயர் சொல்லித் தந்தார்கள். அது எனக்குப் பிடிபட்ட இடம் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதி. குளிர்காலத்தில் நானும் கணவரும் படுத்துறங்கும் வேன்.

சரக்கு வேனை வீடாக்கும்போது குளிரை உள்ளே விடக் கூடாது என்பதுதான் முதல் கவலை. சுவருக்குள் ஆட்டுக் கம்பளி, கதவு இடுக்கில் ரப்பர் பட்டை. இப்படி இறுக மூடி உறங்கினால் விடியும்போது கண்ணாடி வியர்த்து வழியும், மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும், விபூதி கட்டிதட்டிப் போயிருக்கும். வெளியே சொட்டு மழை இருக்காது. அந்த ஈரம் முழுக்க நம்முடையது. உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை விடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் உறங்கினால் அரை லிட்டருக்கு மேல். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும், 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. குளிர்ந்த தகரத்தைத் தொட்டதும் மிச்சமெல்லாம் நீராகிவிடுகிறது. உள்ளே கேஸ் அடுப்பு மூட்டினால் இன்னும் மோசம்: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர்.

ஆணவம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல, செம்பில் களிம்புபோல் உயிரோடு என்றும் உள்ளது என்கிறது சித்தாந்தம். அதை இந்த ஈரத்தோடு வைத்துப் பார்க்கிறேன். அடைக்க அடைக்கப் பெருகுவது உள்ளிருப்பவருடையதே. புறத்தை அடைத்தால் தூய்மை நிற்கும் என்று நம்பி, தீட்டுக்கு அஞ்சியே கழியும் சமய வாழ்வை என்னால் ஏற்க முடியவில்லை.

கூரையின் பின்பக்கம் 40க்கு 40 சென்டிமீட்டர் வெட்டி, காற்றை வெளியேற்றும் ஃபேன் பொருத்தியிருக்கிறோம். ஜன்னலெல்லாம் மூடியிருக்க அதை ஓடவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். முன்பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, அங்கே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை படுத்து ஓடி, கட்டிலைக் கடந்து கூரை வழியே போவது தெரியும். நுழைவது தாழ இருக்க வேண்டும், போவது உயர இருக்க வேண்டும், இரண்டும் வேனின் இரு கோடியில் இருக்க வேண்டும். ஃபேனுக்கு அருகிலேயே ஜன்னலைத் திறந்தால் காற்று அந்தக் குறுக்குவழியில் போய்விடும். மற்ற மூலைகளில் புழுக்கம் அப்படியே நிற்கும்.

ஃபேன் செய்வதெல்லாம் வெளியே தள்ளுவது மட்டும். உள்ளே வருவதைத் தள்ளுவது வேனுக்கு வெளியே உள்ள வளிமண்டலம். சதுர மீட்டருக்கு 10 டன் எடையோடு அது எந்நேரமும் வேனை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வழி திறந்து, உள்ளே அழுத்தம் இம்மியளவு குறைந்தால் போதும், வந்துவிடும். போனது முதலா, வந்தது முதலா? ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிரிக்க முடியாது. மலபரிபாகத்தையும் சத்திநிபாதத்தையும் முன்பின்னாக நிறுத்தி வாதிட வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது. திருமூலர் மூச்சுக்குச் சொன்ன கணக்கையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. இழுப்பதைப்போல் இரு மடங்கு நேரம் விடச் சொல்கிறார்.

காற்றுக்கு நம்மேல் அன்பில்லை. சித்தாந்தத்தில் அருளோ சிவனின் சத்தியே. அந்த இடத்துக்கு மேல் வேன் துணைவராது. திறந்தால் வேண்டியது மட்டுமே வரும் என்றும் இல்லை. கோடையில் இங்குள்ள மிட்ஜ் என்னும் கடிபூச்சி நம் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை மோப்பம் பிடித்தே வருகிறது. அதைத் தடுக்கும் நுண்வலை காற்றையும் மட்டுப்படுத்தும். குளிர்காலத்தில் திறப்புக்கு நாம் தரும் விலை சூடு. டீசல் ஹீட்டர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடுவதால் அது ஈரம் சேர்ப்பதில்லை.

இத்தகைய வண்டிகளுக்கான ஐரோப்பியத் தரவிதி, மூடவே முடியாத திறப்புகளைக் கேட்கிறது. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்திலும் திறப்பு வேண்டும். உறைபனி இரவில் அங்கே துணியை அடைக்க யாருக்கும் கை நீளும். உறங்கப் போகிறவரின் விருப்பத்துக்கு இதை விட முடியாது. அன்றாட வழிபாட்டையும் நான் இப்படித்தான், மூட முடியாத திறப்பாக, வைத்திருக்கிறேன். மனம் வறண்ட நாளில் ஐந்தெழுத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கணவர் கேட்டார். அந்த நாளுக்காகத்தான் அது என்றேன். அவர் ஏற்கவில்லை, மனம் வராமல் சொல்வது சிவனை ஏமாற்றுவது என்கிறார். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.