மாநாடும் எழுத்தாளனும்

கொல்லிமலையின் அரியூர் நாட்டில் மிளகுக்கொடி மரத்தைப் பற்றியே ஏறுகிறது. ஆயினும் அதனை வாழ்விப்பது அதன் சொந்த வேரே. எழுத்தாளனுக்கு மாநாடும் அத்தகைய மரமே.

1973இல் திருச்சியிலும் 1979இல் கொழும்பிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகள் கூடின. கிஸ்ஸா, படைப்போர், மசலா, நாமா என நம் இல்லங்களில் ஓதிக் கேட்ட இலக்கிய வகைகளின் அருமையை அறிஞர் வாயிலாக நாம் உணர இத்தகைய அவைகளே வழிசெய்தன.

ஆனால் அவையில் நாம் நாடுவது யாது? பண்டை அரபகத்தின் உக்காழ் சந்தையில் புலவர் நாபிகா நடுவராய் அமர்ந்தார். பின்னாளில் நபிகளாரின் கவிஞரெனப் புகழ்பெற்ற ஹஸ்ஸான் (ரலி) அவர்களின் பாட்டிலும் அங்கே சொற்குறை சுட்டப்பெற்றது என்பர். அதனால் அவர்தம் பெருமை குறைந்ததா? இல்லையே!

ஊர் திரும்புகையில் நம் நெஞ்சில் நிற்பது போர்த்திய பொன்னாடையா, சுட்டிய பிழையா? நம் நிய்யத்தை அதுவே காட்டிவிடும்.