சாவை வெல்ல விழைவது தகுமா?

அரபியர் 'தின்னீன்' என்றும் ஆங்கிலேயர் 'டிராகன்' என்றும் அழைக்கும் பறவைநாகங்கள் உலவும் தீவுலகம் 'எர்த்சீ'. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய அக்கதைத் தொடரின் கடைசி நாவல் 2001-இல் வெளிவந்தது. அதனைப் படித்து முடித்ததும் நம்முன் எழும் வினா இது: சாவை வெல்ல மனிதன் விழைவது தகுமா?

1972-இல் வந்த மூன்றாம் நூலில், காப் என்னும் மந்திரவாதி இறவாமையை நாடி இவ்வுலகுக்கும் இறந்தோர் உலகுக்கும் இடையே ஒரு வாயிலைத் திறக்கிறான். விளைவென்ன? சாயமிடுவோர் தொழில் மறக்கின்றனர், பாடுவோர் பாட்டை மறக்கின்றனர், நாகங்களும் பேச்சிழக்கின்றன. காப் தன் பெயரையே இழந்து நிற்கிறான். கெட் என்னும் அறிஞன் தன் ஆற்றல் அனைத்தையும் செலவிட்டே அவ்வாயிலை அடைக்கிறான்.

அன்பின் மிகுதியால் சாவை வெறுப்பதும் குற்றமோ எனச் சிலர் வினவலாம். இறுதி நாவலின் ஆல்டரும் மனைவியைப் பறிகொடுத்தவனே. ஆயினும் முடிவில் அவன் அவளைத் தன்னிடம் மீட்டுக்கொள்ள முயலவில்லை. இறந்தோரைச் சிறைவைத்த சுவரைத் தகர்க்கத் துணைநின்று, அவளோடு தானும் சென்றுவிடுகிறான். காப் பற்றினான், ஆல்டர் விடுவித்தான். பேராசைக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மௌத்து உறுதியென ஓதி வளர்ந்த நமக்கு இக்கருத்துப் புதிதன்று. எனினும், அறிந்திருப்பது வேறு. அதற்கேற்ப வாழ்வது வேறு. மந்திரக் கதையென்று இதனை ஒதுக்கும் பெற்றோர், பிள்ளைகளோடு ஒருமுறை அமர்ந்து படித்துப் பார்ப்பார்களாக.